ஒகேனக்கல் முதலைப் பண்ணை: பிள்ளைங்கள வீட்டுல விட்டுட்டு ஒரு தடவை போய்ப் பாருங்க

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பட்டுப்புழு வளர்க்கிறோம். ஒரு பேட்ச் கூடு தருமபுரி அங்காடிக்குப் போய் ஏலம் முடிஞ்சா, புழு மனையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மருந்தடிச்சு, கதவைச் சாத்தி வெச்சுடுவோம். அடுத்த இளம்புழு வர வரைக்கும் கிடைக்கிற அந்த நாலஞ்சு நாள்தான் எங்களுக்கு லீவு. தீபாவளி, பொங்கல் எல்லாம் புழுவுக்குத் தெரியாது.

இந்த ஆடியில அப்படி ஒரு ஓய்வு ஞாயித்துக்கிழமையோட சேர்ந்து வந்துச்சு. பிள்ளைங்கள எங்கம்மா வீட்டுல விட்டுட்டு, பெரியவங்க மட்டும் ஏழு பேரு கிளம்பினோம். நானு, என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அப்புறம் பக்கத்துக் கொல்லைக்கார அண்ணனும் அண்ணியும். எண்ணெய் தேச்சு அருவியில குளிக்கணும், பரிசல்ல போகணும், மீன் சாப்பிடணும். திட்டம் அவ்வளவுதான். முதலைப் பண்ணை அந்தத் திட்டத்துலயே இல்ல.

பாப்பாரப்பட்டி வழியா பென்னாகரம், அங்கிருந்து இன்னொரு பஸ். பென்னாகரம் தாண்டிக் காட்டு இறக்கத்துல பஸ் இறங்கும்போதே கண்டக்டர் சொல்லிட்டாரு: "கர்நாடகாவுல தண்ணி திறந்துட்டாங்க. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற பிலிகுண்டுலுல தண்ணி ஏறிடுச்சு. இன்னைக்குக் குளிக்கவும் விடமாட்டாங்க, பரிசலும் கிடையாது." பஸ்ஸுக்குள்ள பாதிப் பேரு எண்ணெய்ப் பாட்டிலோட வந்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

குளிக்கிறதும் பரிசலும் இல்லன்னா ஒகேனக்கல்ல வந்திறங்கின அத்தனை ஜனமும் எங்க போகும்? மீன் காட்சியகத்துக்கும் முதலைப் பண்ணைக்கும்தான். சேலத்துக்காரங்க, பெங்களூருக்காரங்க, ஓசூர்ல கம்பெனி பஸ் பிடிச்சு வந்த பசங்க, மஞ்சச் சேலை கட்டின ஒரு பெரிய குழு, எல்லாரும் ஒரே வாசல்ல. எங்க முறை வந்தப்ப டிக்கெட் கொடுக்கிறவரு, "பெரியவங்க ஏழு. சின்னப் பசங்க எத்தனை?"னு கேட்டாரு. யாரும் இல்லைன்னோம். எட்டி எங்க பின்னாடி ஒரு தடவை பாத்துட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிச்சாரு. பிள்ளைங்க இல்லாம முதலை பாக்க வந்த குடும்பம் அன்னைக்கு நாங்க மட்டும்தான் போல.

இந்த இடம் வனத்துறையோடது. பேரு முதலைகள் மறுவாழ்வு மையம். நாங்க எல்லாரும் முதலைப் பண்ணைன்னுதான் சொல்றது. உள்ள தனித்தனித் தடுப்பு, சுத்துச்சுவரு, கம்பி வலை, தண்ணித் தொட்டி, ஓரத்துல வெயில் காய இடம். குட்டிங்க தனியா, பெருசுங்க தனியா. டிக்கெட் மலிவு. ஒரு சுத்து சுத்தி வர பத்து நிமிஷம் போதும்னு எல்லாரும் சொல்வாங்க. அதைத்தான் நான் மறுக்க வந்திருக்கேன். நாங்க கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் இருந்தோம், அதுல முக்கால் மணி நேரம் ஒரே ஒரு முதலை முன்னாடி.

நாங்க போனப்போ கம்பி வலை முன்னாடி மூணு வரிசை ஜனம். தோள்ல பிள்ளை, பிள்ளை கையில பலூன், எல்லாத்துக்கும் மேல தூக்கின போன். பக்கத்துல ஒரு கன்னடக் குடும்பம் "மொசளே, மொசளே"ன்னு குழந்தைக்குக் காட்டுது. அந்த முதலை வாயைப் பிளந்துக்கிட்டு அப்படியே கிடக்கு. ஒரு அசைவு இல்ல. அஞ்சு நிமிஷம் பாத்தவங்க எல்லாம் ஒரே வார்த்தைதான்: "தூங்குது", "செத்துப் போச்சு", "சோம்பேறி". ஓசூர் பசங்கள்ல ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல போய், "டேய், இது சிமெண்ட் பொம்மைடா, நெசத்தை உள்ள வெச்சிருப்பாங்க"ன்னான். அவன் ஃப்ரெண்டு இல்லைன்னான். பிரியாணிக்குப் பந்தயம் கட்டினாங்க.

எனக்கு அந்த "சோம்பேறி"ங்கிற பேச்சு பிடிக்கல. ஏன்னா புழு மனைக்கு முதல் தடவை வர்ற சொந்தக்காரங்க இதையேதான் சொல்வாங்க. பட்டுப்புழு நாலு தடவை தோலுரிக்கும். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரு நாள், தழை தின்னாம, தலையைத் தூக்கிக்கிட்டு, கல்லு மாதிரி நிக்கும். நாங்க அதைத் தூக்கம்னு சொல்றது. பாக்கிறவங்க "ஐயோ, எல்லாம் செத்துப் போச்சே"ம்பாங்க. உள்ள ஒரு தோலைக் கழட்டிட்டு இன்னொரு தோலோட வர்ற வேலை நடக்குது. அந்த நேரம் தொட்டாலும் கெடும், தழை போட்டாலும் கெடும். அதனால இந்த முதலையைப் பாத்ததும், இதுவும் ஏதோ வேலையிலதான் இருக்குன்னு தோணுச்சு. என் வீட்டுக்காரரை இழுத்து நிறுத்தினேன். நிப்போம்னேன்.

நின்னா தெரியும். முதல் வரிசை ஆளுங்க கிளம்பக் கிளம்ப நாங்க முன்னாடி போனோம். கம்பிக்குக் கிட்ட நின்னு பாத்தா அந்த உடம்பு ஒண்ணும் அசையாம இல்ல. விலாப்பக்கம் மெதுவா ஏறுது, ரொம்ப நேரம் கழிச்சு இறங்குது. கழுத்துக்குப் பின்னாடி நாலு பெரிய செதில் சதுரமா எழும்பி நிக்குது, அதுக்கப்புறம் முதுகு பூரா ஓடு வேய்ஞ்ச மாதிரி வரிசை. பிளந்த வாய்க்குள்ள வெளிர் மஞ்சள் நிறம். நாக்கு கீழ்த் தாடையோட ஒட்டிக் கிடக்கு, வெளிய நீட்ட முடியாது. தொண்டைக்கிட்ட ஒரு மடிப்பு வழியை அடைச்ச மாதிரி நிக்குது. மூக்கு நுனியில ஒரு தும்பி வந்து உக்காந்துச்சு, பறந்துச்சு, மறுபடி அதே இடத்துல உக்காந்துச்சு.

அப்புறம் கண்ணு. பூனைக் கண்ணு மாதிரி நடுவுல ஒரு கோடு. நாங்க பாத்துக்கிட்டே இருக்கும்போது ஒரு மெல்லிய தோலு அந்தக் கண்ணு மேல ஓடுச்சு. நமக்கு இமை மேலயிருந்து கீழ வரும். அதுக்குப் பக்கவாட்டுல, பஸ் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளின மாதிரி ஒரு இழுப்பு, திரும்ப ஒரு இழுப்பு. "அத்தை, பாத்தீங்களா?"ன்னேன். மாமியார், "உஷ், பேசாதடி"ன்னாங்க. எழுபது வயசுக்காரங்க. வலைக்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைவிடக் கவனமா நின்னுட்டு இருந்தாங்க.

அங்க ஒரு வனத்துறைத் தம்பி, காக்கிச் சட்டையில, கூட்டத்தை நகத்திக்கிட்டு இருந்தாரு. நாங்க மட்டும் நகராம நிக்கிறதைப் பாத்து முதல்ல "போங்க போங்க"ன்னவரு, நான் கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் கூடவே நின்னுட்டாரு. வாயைப் பிளந்து வெச்சிருக்கிறது தின்னறதுக்கு இல்ல, தலைச் சூட்டைத் தணிச்சுக்கன்னு சொன்னாரு. முதலைக்கு நம்ம மாதிரி உடம்புச் சூட்டை உள்ளயே சமாளிக்கிற ஏற்பாடு கிடையாது. வெயில்ல காஞ்சு சூடேத்திக்கும், வாயைத் திறந்தும் தண்ணிக்குள்ள இறங்கியும் ஆத்திக்கும். இதைக் கேட்டதும் எனக்கு எங்க மனைதான் ஞாபகம் வந்துச்சு. 28 டிகிரியைத் தாண்டினா ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுட்டு நாங்களும் வெப்பமானியைப் பாத்துக்கிட்டேதான் நிப்போம்.

அடுத்து சொன்னதுதான் எங்க ஏழு பேரையும் நிறுத்துச்சு. இங்க இருக்கிறது சதுப்பு நில முதலை, காவிரியோட சொந்த முதலை. மணல்ல குழி தோண்டி முட்டை போட்டு மூடிடும். அந்தக் குழியோட சூடுதான் குஞ்சு ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணுது. 31 டிகிரியும் அதுக்குக் கீழயும் இருந்தா எல்லாம் பொண்ணு. 32.5 பக்கம் போனா ஆணு. ஒண்ணரை டிகிரி! பக்கத்துக் கொல்லை அண்ணன், "அப்போ பொண்ணு வேணும்னா நெழல்ல போடும்"ன்னாரு. அந்தத் தம்பி சிரிச்சுட்டு, தாய் அப்படி நெனச்சு இடம் பாக்குதான்னு சொல்ல முடியாது, ஆனா குழி அமையற இடத்தைப் பொறுத்து அப்படித்தான் ஆகும்னாரு. கொழுந்தனாருக்கு ரெண்டும் பொண்ணு. ஓரகத்தி ஒரு பார்வை பாத்தா, அவரு மரத்து நெழல்ல இருந்து நகந்து வெயில்ல போய் நின்னாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல முன்னாடி இருந்த குழந்தை ஒண்ணு அழுகையை நிறுத்திட்டு எங்களைப் பாத்துச்சு.

பல்லு விஷயமும் கேட்டுக்கிட்டோம். முதலைக்குப் பல்லு விழுந்தா மறுபடி முளைக்கும், ஆயுசு பூரா அப்படித்தான். மாமியாருக்குக் கீழ்வரிசையில மூணுதான் பாக்கி. "குடுத்து வெச்ச ஜீவன்"னாங்க. ஒரு சொல்லு கூடவும் இல்ல, குறையவும் இல்ல, மனசார சொன்னாங்க.

இப்ப அந்த சிமெண்ட் பொம்மை. பந்தயம் கட்டின ரெண்டு பேரும் ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி அங்கயே வந்து நின்னாங்க. செல்பி எடுக்கக் கையைத் தூக்கினதுல ஒருத்தனோட கூலிங் கிளாஸ் நழுவி வலையைத் தாண்டி உள்ள விழுந்துச்சு. "டொக்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பிளந்த வாய் மூடுச்சு. மூடின சத்தம் மரக்கதவை ஓங்கிச் சாத்தின மாதிரி. உடம்பு பூரா ஒரே வீச்சுல திரும்பி, எழும்பி, நாலு காலும் தரையில நின்னு, தண்ணிக்குள்ள பாஞ்சிடுச்சு. அதுக்கு ரெண்டு செகண்டுகூட ஆகல. நூறு பேரும் ஒண்ணா ஒரே எட்டு பின்னாடி குதிச்சோம். ஒருத்தர் செருப்பு இன்னொருத்தர் கால்ல. என் வீட்டுக்காரரு பக்கத்துல நின்ன பெங்களூருக்காரரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு, அவரும் இவரை விடல. பலூன் ஒண்ணு மேல போயிடுச்சு. பொம்மைன்னு சொன்ன பையன் மட்டும் வாயைத் திறந்துக்கிட்டு, முதலை இருந்த இடத்துலயே பார்வையை வெச்சுக்கிட்டு நின்னான். மாமியார் நகரவே இல்ல.

தண்ணிக்குள்ள போன அந்த முதலை காணாமப் போச்சு. பாசித் தண்ணியில தேடிக்கிட்டே இருந்தோம். ஓரகத்திதான் முதல்ல கண்டுபிடிச்சா. மூக்கு நுனியும் ரெண்டு கண்ணும் மட்டும், மூணு கூழாங்கல்லு மாதிரி, தண்ணியோட ஒரே மட்டத்துல. மிச்சம் பத்தடி உடம்பு அடியில. காவிரியில இது இப்படி நின்னா யாருக்குத் தெரியும்? ஆத்தோரம் "முதலைகள் நடமாட்டம் உள்ள பகுதி"ன்னு போர்டு வெச்சிருக்கிறதை நாங்க எல்லாரும் சும்மா பயங்காட்டன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். இதைப் பாத்தப்புறம் அந்த நெனப்பு போயிடுச்சு.

மாமியார் பொறந்தது ஊட்டமலை. ஒகேனக்கல்லை ஒட்டின ஆத்தோர ஊர். அவங்கப்பா பரிசல் ஓட்டினவரு. சாயங்காலம் அக்கரையில இருந்து திரும்பும்போது பரிசல் விளிம்புல கையைத் தண்ணிக்குள்ள விடக் கூடாதுன்னு அடிச்சுச் சொல்வாராம். "அப்பல்லாம் கேக்க மாட்டோம். அப்புறம் நான் கல்யாணமாகி வந்த காலத்துல முதலையே இல்லன்னாங்க. தோலுக்குச் சுட்டுட்டாங்க"ன்னாங்க. அது உண்மைதான். தோலுக்காக வேட்டையாடி நாடு பூரா முதலை அழியற நிலைக்குப் போயிடுச்சு. 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1975ல முதலைப் பாதுகாப்புத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. முட்டையைப் பத்திரமா பொரிக்க வெச்சு, குட்டியை ஆளாக்கி, ஆத்துல விடறதுதான் அந்தத் திட்டத்தோட வேலை. இப்ப தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டுல காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இருக்கு, 2014ல அறிவிச்சது, 504 சதுர கிலோமீட்டர். முதலையும் நீர்நாயும் யானையும் ஒரே ஆத்துத் தண்ணி குடிக்கிற இடம். "மறுவாழ்வு மையம்"ங்கிற அந்தப் பேரை இத்தனை வருசம் போர்டுல படிச்சும் அர்த்தம் பாத்ததில்ல. மாமியார் சொன்னப்போதான் உறைச்சுச்சு. அவங்க சின்ன வயசுல இருந்துச்சு, நடுவுல இல்லாமப் போச்சு, இப்ப பேத்திங்க காலத்துல மறுபடி ஆத்துல இருக்கு.

இனி எனக்குக் கோபம் வந்த விஷயம். இது பண்ணை மேல இல்ல, வந்த ஜனங்க மேல. அசையலைன்னு தண்ணிப் பாட்டில் மூடியை எறியறாங்க. மக்காச்சோளக் கட்டையை எறியறாங்க. நல்லா உடுத்தின ஒரு ஆளு, பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, அந்தப் பிள்ளை கையிலயே சின்னக் கல்லைக் கொடுத்து "போடு, போடு"ங்கிறாரு. நான் சத்தம் போட்டுட்டேன். "ஏங்க, உங்க வீட்டுல தூங்கற ஆள் மேல இப்படிக் கல்லு போடுவீங்களா?"ன்னு. அவரு முறைச்சாரு. பக்கத்துல நின்ன மஞ்சச் சேலை அம்மாங்க ரெண்டு பேரு என் பக்கம் பேசினாங்க, ஆளு நகந்துட்டாரு. முதலை தானாவே சின்னச் சின்னக் கல்லை முழுங்கி வயித்துல வெச்சுக்கிற பிராணி. உள்ள விழற பிளாஸ்டிக்கும் அப்படியே உள்ள போனா வெளிய வரவா போகுது? விலங்கு காட்சி சாலையில பிராணிகளைச் சீண்டறதும் தீனி போடறதும் சட்டப்படியே குத்தம். அந்த வனத்துறைத் தம்பி ஒருத்தரு, ஜனம் ஆயிரம். யாராவது எறிஞ்சா நாமதான் தடுக்கணும். கூச்சப்பட்டா ஆகாது.

குரங்கு பத்தியும் சொல்லிடறேன். வாசலுக்கு வெளிய வேர்க்கடலைப் பொட்டலத்தைத் திறக்காதீங்க. அண்ணியோட பொட்டலம் போச்சு, கூடவே கர்ச்சீப்பும்.

மீன் காட்சியகத்துக்கும் போனோம். நல்லாத்தான் இருக்கு, குளுமையா இருக்கு, ஆனா அன்னைக்கு வரிசையில தள்ளிக்கிட்டே போனதுல எதையும் நின்னு பாக்க முடியல. அதைப் பத்தி எழுத எனக்கு விஷயம் இல்ல.

சாப்பாடு விஷயம். ஒகேனக்கல்ல மீனை நாம வாங்கிக் கொடுத்தா சமைச்சுத் தர்ற அம்மாங்க இருக்காங்க. முதல்ல நுழைஞ்ச ஒரு கடையில ஐஸ்ல கிடந்த பழைய மீனைத் தலையில கட்டப் பாத்தாங்க. செவுளைத் தூக்கினேன், பழுப்பு. செவுளு ரத்தச் சிவப்பா இருக்கணும், வயித்தை அமுக்கினா பள்ளம் விழக் கூடாது. நாலு கடை தள்ளி ரெண்டு கிலோ கட்லா நல்லதாக் கிடைச்சுது. சமைச்சுக் கொடுத்த அம்மா விறகடுப்புல மண்சட்டி வெச்சு, புளியும் மல்லித்தூளும் தூக்கலா ஒரு குழம்பு, மிச்சத் துண்டு வறுவல். மல்லித்தூளை வறுத்துத்தான் போட்டாங்க, அந்த வாசனை குழம்புல தெரிஞ்சுது. மாமியார் மூணு பல்லோட தலைத்துண்டைச் சுத்தமா முடிச்சுட்டாங்க. அந்த அம்மா கை மணத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஆடி ஞாயிறு, பண்டிகை லீவு நாள்ல போகாதீங்க. வார நாள்ல, காலையில, வெயில் ஏறத் தொடங்கற நேரம் போங்க, அப்பதான் எல்லாம் தண்ணியை விட்டு மேல வந்து காயும். ஒரு குடை எடுத்துக்கோங்க. எல்லாத் தடுப்பையும் பாக்கணும்னு ஓடாதீங்க, ஒரு முதலையைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் நில்லுங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறது தப்பில்ல, ஆனா ஒரு தடவையாவது பெரியவங்க மட்டும் போங்க. பிள்ளைங்க கூட இருந்தா "பாத்தியா, பாத்தியா"ன்னு அதுங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்போம், முதலையைப் பாக்க மாட்டோம். காக்கிச் சட்டைக்காரங்க கிட்ட மரியாதையா கேளுங்க, சொல்வாங்க. எங்களுக்குச் சொன்ன தம்பிக்கு நாங்க நன்றி சொல்லும்போது கூட்டம் அவரை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிடுச்சு. பண்ணைக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க் போடறேன்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுது. எண்ணெய்ப் பாட்டில் திறக்காமலே மடியில இருந்துச்சு. பென்னாகரம் மேடு ஏறற வரைக்கும் மாமியார் ஒண்ணும் பேசல. தூங்கிட்டாங்கன்னு நெனச்சேன். திடீர்னு என் கையைத் தட்டி, "ஏம்மா, நம்ம புழுவுக்கு நாலு தூக்கம். அதுக்கு எத்தனை?"ன்னு கேட்டாங்க.

அடுத்த பேட்ச் கூடு இறங்கினதும் போய் அந்தத் தம்பிகிட்ட கேக்கணும்.